ஏரி சுருங்கியதா, கணக்கு சுருங்கியதா? செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பு அளப்பது பற்றி

கரைமேடு

வணக்கம். சுமார் 40 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி ஒன்றுக்கு 2017 முதல் 2024 வரை ஐரோப்பாவின் செண்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நீர்ப்பரப்பு கணக்கிட்டிருக்கிறேன். முறை எளிது: வளிமண்டலத் திருத்தம் செய்த இரண்டாம் நிலைப் படங்கள், மேகத்தை நீக்க அதோடு வரும் எஸ்சிஎல் அடுக்கு (ஒவ்வொரு பிக்சலும் மேகமா, நிழலா, நீரா என்று வகைப்படுத்துவது), ஆண்டுக்கு ஒரு மீடியன் படம் (ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த ஆண்டின் நடு மதிப்பு), அதில் என்டிடபிள்யூஐ (பச்சைக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டலால் வகுத்த நீர்க்குறியீடு) 0.2-க்கு மேல் இருந்தால் நீர்.

2021 வரை கோடு ஏறி இறங்கினாலும் ஒரே மட்டத்தில் ஓடுகிறது. 2022-ல் சட்டென்று விழுந்து, பிறகு எழவே இல்லை. கரையோர ஆக்கிரமிப்பு பற்றிய மனுவோடு இந்த வரைபடத்தை இணைக்கக் கேட்கிறார்கள். அப்படியே கொடுக்கலாமா? மேகமூட்ட மாதங்களுக்கு என்ன வழி? நீர் பச்சையாவதையும் இதே படங்களில் பார்க்க முடியுமா?

சதுரப்புள்ளி

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். 2022-ல் சட்டென்று விழுந்தது என்றால், ஏரியைப் பார்ப்பதற்கு முன் கோப்பைத் திறந்து பாருங்கள்.

2022 ஜனவரி 25-ல் செண்டினல்-2 செயலாக்கப் பதிப்பு 04.00-க்கு மாறியது. அன்று முதல் ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000 கூட்டியே வெளியிடுகிறார்கள். வளிமண்டலத் திருத்தத்துக்குப் பிறகு இருண்ட பரப்புகளின் மதிப்பு சில சமயம் சுழியத்துக்குக் கீழே போகும். அது வெட்டுப்படாமல் கோப்பில் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. முன்பு எண்ணை 10,000-ஆல் வகுத்தால் எதிரொளிப்பு (பட்ட ஒளியில் திரும்பும் பங்கு) கிடைத்தது. இப்போது முதலில் 1000-ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீரில் பச்சை பேண்டின் (பச்சை ஒளியை மட்டும் பதியும் அடுக்கின்) எதிரொளிப்பு 0.06, அண்மை அகச்சிவப்பு 0.02 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான என்டிடபிள்யூஐ: 0.04-ஐ 0.08-ஆல் வகுத்தால் 0.5. ஆயிரம் கூடிய எண்களை அப்படியே போட்டால் 1600, 1200. வித்தியாசம் 400, கூட்டல் 2800, விடை 0.14. உங்கள் வரம்பு 0.2. அந்த இடம் முழுக்க நீராகவே இருந்தாலும் கணக்கில் நிலமாகிவிடும். பச்சை 0.08, அகச்சிவப்பு 0.01 என்று இருக்கும் இடம் மட்டும் 0.24 வந்து தப்பிக்கும். அதனால்தான் ஏரி முழுவதும் மறையாமல் பாதி மறைந்ததுபோல் தெரியும். பார்ப்பவருக்கு உண்மையான சுருக்கம் என்றே தோன்றும்.

வரம்பு 0 என்று வைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. மேலே உள்ள வித்தியாசம் மாறாததால் குறியும் மாறாது.

தேதியை மட்டும் நம்பிக் கழிக்காதீர்கள். பழைய படங்களையும் புதிய பதிப்பில் மறுசெயலாக்கம் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். 2018-ல் எடுத்த படத்திலும் 1000 கூடியிருக்கலாம். கோப்பின் பெயரில் என் என்ற எழுத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரும். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். படத்தோடு வரும் விவரக் கோப்பான மெட்டாடேட்டாவிலும் -1000 என்று ஒவ்வொரு பேண்டுக்கும் எழுதியிருக்கும். கூகுளின் எர்த் எஞ்சின் தளத்தில் வேலை செய்பவர்கள் "ஹார்மனைஸ்டு" என்று பெயர் முடியும் தொகுப்பை எடுத்தால் இது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும். அங்கே மறுபடி கழித்தால் எதிர்த்திசையில் பிழை வரும்.

வானோக்கி

அதைச் சரிசெய்த பிறகும் ஆண்டு மீடியன் உங்களை ஏமாற்றும்.

மீடியனில் ஒரு பிக்சல் நீராக வர வேண்டுமானால், மேகமில்லாத படங்களில் ஏறத்தாழ பாதிக்கு மேல் அது நீராக இருந்திருக்க வேண்டும். மேகமில்லாத படங்கள் எப்போது அதிகம் கிடைக்கும்? வறண்ட மாதங்களில். ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் மேகம் மூடியிருக்கும். ஆக உங்கள் "ஆண்டு" படம் உண்மையில் வறண்ட காலத்துப் படம். ஓர் ஆண்டில் மேகம் கூடுதலாக இருந்தால் ஏரி தானாகவே சிறுத்துக் காட்டும்.

ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக நீர், நீரல்லாதது, தெரியவில்லை என்று மூன்றாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும், நீராகத் தெரிந்த தடவைகளைத் தெளிவாகத் தெரிந்த தடவைகளால் வகுத்து விழுக்காடு எடுங்கள். ஒப்பிடும்போது மார்ச்சை மார்ச்சோடு மட்டுமே ஒப்பிடுங்கள். ஏரிக்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் "தெரியவில்லை" என்று வந்த படத்தின் பரப்பளவை வரைபடத்தில் சேர்க்க வேண்டாம்.

எஸ்சிஎல் அடுக்கைப் பற்றி ஒன்று. அதில் 3 மேக நிழல், 6 நீர், 8, 9 மேகம், 10 மெல்லிய மேகம். ஆழமான கருநீரை அது அடிக்கடி 3 என்று வகைப்படுத்தும். 3-ஐ முழுக்க நீக்கினால் ஏரியின் நடுவில் ஓட்டை விழும். வெயில் பட்டுப் பளபளக்கும் நீரையும், கரையோரக் காங்கிரீட் கூரைகளையும் மேகம் என்று சொல்லும். 8, 9, 10-ஐ நீக்குங்கள். 3-ஐ, அருகில் மேகம் இருக்கும் படங்களில் மட்டும் நீக்குங்கள். மேக விளிம்பில் 100 மீட்டர் கூடுதலாக வெட்டுவதும் நல்லது, அங்கே மெல்லிய புகை போன்ற பகுதி தப்பி நிற்கும்.

நீரலை

ஏரிச் சூழலியல் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி: அந்த ஏரியில் ஆகாயத்தாமரை இருக்கிறதா?

இருந்தால் என்டிடபிள்யூஐ உதவாது. இலைகள் அண்மை அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பும், குறியீடு எதிர்மறையாகிவிடும். ஏரி நிறைந்து ததும்பும்போதுகூட வரைபடத்தில் பாதி நிலமாக நிற்கும். ஏரி சுருங்கிவிட்டது என்று கிளம்பும் பல வரைபடங்களில் உண்மையான நோய் இதுதான்: தண்ணீர் இருக்கிறது, அதன்மேல் செடி மூடியிருக்கிறது. ஏரி சுருங்குவதற்கும் செடி மூடுவதற்கும் மருந்து வேறு. முன்னதற்கு வரத்து வாய்க்காலைப் பார்க்க வேண்டும், பின்னதற்கு உள்ளே வரும் கழிவுநீரை.

அதனால் நீர், நிலம் என்ற இரண்டு வகுப்பு போதாது. ஏரியின் நீண்டகால அதிகபட்ச எல்லையை முதலில் வரைந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களின் அடிப்படையில் 1984 முதலான உலக மேற்பரப்பு நீர் வரைபடம் 30 மீட்டர் அளவில் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் ஒரு தடவையாவது நீர் தெரிந்த இடங்களை எல்லையாக எடுக்கலாம். அந்த எல்லைக்குள் திறந்த நீர், செடி மூடிய பகுதி, வெறும் தரை என்று மூன்று வகுப்பு. என்டிவிஐ (செடியின் பசுமையைக் காட்டும் குறியீடு) 0.4-க்கு மேல் என்பதைச் செடிக்குத் தொடக்க வரம்பாக வைத்து, உங்கள் ஏரிக்கேற்பத் திருத்துங்கள்.

செடி மிதக்கிறதா, வற்றிய தரையில் முளைத்த புல்லா என்று ஒற்றைப் படத்தில் சொல்வது கடினம். ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு படங்களை அடுத்தடுத்து வையுங்கள். மிதக்கும் திட்டு காற்றுக்கு இடம் மாறும், விளிம்பு உடைந்து சேரும். புல் அசையாது.

சதுரப்புள்ளி

நீரலை சொன்னதோடு சேர்த்து, கலங்கல் நீர். வண்டல் கூடினால் அண்மை அகச்சிவப்பும் கூடும், என்டிடபிள்யூஐ தாழும். அங்கே குற்றலை அகச்சிவப்பு கைகொடுக்கும். 1610 நானோமீட்டரில் நீர் ஒளியை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும், கலங்கினாலும் பெரிதாக மாறாது. பச்சையையும் அந்தக் குற்றலை பேண்டான 11-ஐயும் வைத்துக் கணக்கிடும் எம்என்டிடபிள்யூஐ அதற்காகத்தான். கட்டடங்களை நீர் என்று தவறாகக் காட்டுவதும் இதில் குறைவு, ஆக்கிரமிப்பு விவகாரத்துக்கு இது முக்கியம்.

விலை உண்டு: பேண்ட் 11-ன் பிக்சல் 20 மீட்டர். 40 ஹெக்டேர் ஏரி வட்டமாக இருந்தால் சுற்றளவு 2.24 கிலோமீட்டர். கரைக்கோடு அரைப் பிக்சல் தள்ளிப்போனால், 10 மீட்டர் பிக்சலில் 1.1 ஹெக்டேர் வித்தியாசம், அதாவது 2.8 விழுக்காடு. 20 மீட்டரில் 5.6. லேண்ட்சாட்டின் 30 மீட்டரில் 8.4. நிஜ ஏரியின் கரை வளைந்து நெளிந்து இருக்கும், சுற்றளவு இருமடங்கானால் இந்த எண்களும் இருமடங்கு. இந்த அளவுக்குள் அடங்கும் மாற்றத்தைக் குறைவு என்று எழுதாதீர்கள்.

பரப்பளவை, மீட்டரில் அளக்கும் யூடிஎம் வரைபடத் தளத்திலேயே கணக்கிடுங்கள். இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் தளத்தில் பிக்சல் எண்ணினால் 30 பாகை அட்சத்தில் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும், 60 பாகையில் நான்கு மடங்கு.

அலைவரி

மேகமூட்ட மாதங்களுக்கு செண்டினல்-1 ராடார். 5.6 சென்டிமீட்டர் அலை, மேகத்தை ஊடுருவும், இரவு பகல் பேதமில்லை. ஒரு செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். 1பி 2021 டிசம்பரில் செயலிழந்தது, 1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் படங்களின் எண்ணிக்கை குறைவு என்பதை வரைபடம் வாசிக்கும்போது மனதில் வையுங்கள்.

அமைதியான நீர் ராடார் அலையை எதிர்ப்பக்கம் தெறிக்கவிடும், திரும்பி வருவது சொற்பம், அதனால் கருப்பாகத் தெரியும். ஸ்நாப் மென்பொருளில் செய்யும் வரிசை: சுற்றுப்பாதைக் கோப்பு சேர்ப்பது, வெப்ப இரைச்சல் நீக்கம், அளவுத்திருத்தம், புள்ளி இரைச்சல் வடிகட்டல், நில ஏற்ற இறக்கத் திருத்தம், கடைசியில் டெசிபலுக்கு மாற்றம். வடிகட்டுவதை டெசிபலுக்கு மாற்றிய பிறகு செய்யக்கூடாது. மடக்கை எண்களைச் சராசரி எடுத்தால் மதிப்பு சாய்ந்துவிடும். எர்த் எஞ்சினில் கிடைக்கும் படங்கள் டெசிபலில்தான் இருக்கும், அங்கே வடிகட்டும் முன் நேரியல் மதிப்புக்குத் திருப்ப வேண்டும்.

வரம்பை மனப்பாடமாக வைக்காதீர்கள். விவி முனைவாக்கத்தில் (செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே பெறும் அலை) -15 முதல் -18 டெசிபல், விஎச்சில் (செங்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெறுவது) -20 முதல் -24 என்ற பகுதியில் வரும், ஆனால் படத்துக்குப் படம் மாறும். மதிப்புகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கும் வரம்பைத் தானே தேடும் ஓட்சு முறையில் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கண்டுபிடியுங்கள். அந்த முறைக்கு இரண்டு மேடுள்ள பரவல் தேவை. பெரிய படம் முழுவதையும் கொடுத்தால் நீர் 1 விழுக்காடுகூட இருக்காது, இரண்டாவது மேடு தெரியாது, வரம்பு எங்கேயோ போய் விழும். ஏரியைச் சுற்றி அதே அளவு நிலம் மட்டும் இருக்கும்படி வெட்டிக் கொடுங்கள்.

தவறு நேரும் இடங்கள் நான்கு. காற்றில் நீர் அலையடித்தால் விவியில் வெளுத்துவிடும், விஎச் ஓரளவு தாங்கும். செண்டினல்-1 இறங்குபாதையில் உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை 6 மணி வாக்கில் கடக்கும், ஏறுபாதையில் மாலை 6. பல இடங்களில் காலையில் காற்று குறைவு, அதனால் காலைப் படங்களை முதலில் பாருங்கள். எதை எடுத்தாலும் அதே பாதையோடு மட்டும் ஒப்பிடுங்கள், பார்க்கும் கோணம் 29 முதல் 46 பாகைவரை மாறும். அடுத்தது, நீரில் நிற்கும் நாணலும் மரங்களும்: அலை நீரில் பட்டுத் தண்டில் மோதித் திரும்புவதால் நீர் இருந்தும் பளிச்சென்று தெரியும். மலை நிழலும், வழவழப்பான மணலும் தார்ப்பரப்பும் நீர்போலக் கருக்கும். எல்லைக்கு வெளியே இருப்பதை வெட்டிவிட்டால் பெரும்பகுதி தீரும்.

கரைமேடு

அருமை. கோப்புப் பெயர்களைப் பார்த்துவிட்டேன், சதுரப்புள்ளி சொன்னதேதான். 2022-க்குப் பிந்தையவை எல்லாம் 0400-க்கு மேல், ஆயிரம் கழிக்கப்படவில்லை. அந்த வீழ்ச்சி நம்பத்தக்கதல்ல. ஆனால் ஆக்கிரமிப்பு என்ற புகார் பொய் என்று அர்த்தமில்லையே. அதை எப்படிக் காட்டுவது?

வானோக்கி

நீர்ப்பரப்பு ஆண்டுக்காண்டு மாறும், ஆக்கிரமிப்பு மாறாது. அந்த வேறுபாட்டைப் பிடியுங்கள்.

மதகில் நீர்மட்ட அளவுகோல் இருந்தால், ஒரே மட்டம் பதிவான நாட்களின் படங்களை வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து எடுங்கள். அளவுகோல் இல்லையென்றால், உபரிநீர் வழியத் தொடங்கிய நாட்களை எடுங்கள். வழியும் தளத்தின் உயரம் மாறாதவரை அன்றைய மட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே மட்டத்தில் பரப்பு குறைந்திருந்தால் மழை குறைவு என்ற விளக்கம் அங்கே நிற்காது. மண் கொட்டி நிரப்பினார்களா, வண்டல் சேர்ந்து மேடானதா, செடி மூடியதா என்ற மூன்றே மிஞ்சும். வண்டல் பெரும்பாலும் வரத்து வாயிலிருந்து விசிறிபோலப் பரவும். கொட்டிய மண் நேர்க்கோட்டு விளிம்போடு, சாலைப் பக்கத்திலிருந்து உள்ளே வரும், நீர் நிறைந்த நாளிலும் நனையாது.

10 மீட்டர் பிக்சலில் சுவரோ ஒற்றைக் கட்டடமோ தெரியாது. இது எந்த மூலையில், எந்த மாதத்திலிருந்து என்பதைச் சொல்லும். அந்த மூலைக்கு மட்டும் 3 மீட்டர் அல்லது அதைவிடக் கூர்மையான வணிகப் படத்தையோ டிரோன் படத்தையோ வாங்கி, நில அளவைப் பதிவின் எல்லையோடு பொருத்துங்கள். மனுவில் நிற்கப்போவது அதுதான்.

நீரலை

பச்சை நீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடியும், நீர்ப்பரப்பைவிடப் பல மடங்கு கவனம் தேவை.

பச்சையம் 665 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். பாசி அடர்ந்த நீரில் 705 அருகே எதிரொளிப்பு மேடு எழும். செண்டினல்-2-ல் அவை பேண்ட் 4, பேண்ட் 5. பேண்ட் 5-லிருந்து 4-ஐக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் என்டிசிஐ என்ற பாசிக் குறியீடு. இதன் ஏற்ற இறக்கத்தை வைத்து எந்த வாரம், எந்த முனையில் பாசி தொடங்குகிறது என்று நன்றாகப் பிடிக்கலாம். லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுத வேண்டுமானால் அதே ஏரியின் மாதிரிகள் இல்லாமல் எழுதாதீர்கள்.

செயற்கைக்கோளுக்கு நீரின் மேலிருந்து வந்து சேரும் ஒளியில் பெரும்பங்கு வளிமண்டலம் சிதறியது, நீருக்குள்ளிருந்து வருவது சிறிதளவே. இரண்டாம் நிலைப் படத்தின் திருத்தம் நிலத்துக்காகச் செய்யப்பட்டது. பாசி ஆய்வுக்கு வளிமண்டலத் திருத்தம் செய்யாத முதல் நிலைப் படத்தை எடுத்து, நீருக்கான திருத்த நிரல்களான ஆகோலைட் அல்லது சி2ஆர்சிசி கொண்டு நீங்களே திருத்துங்கள். பேண்ட் 11 நீரில் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும், 0.03-ஐத் தாண்டினால் வெயில் பளபளப்போ மெல்லிய மேகமோ கலந்திருக்கிறது, அந்த நாளை விட்டுவிடுங்கள். கரையை ஒட்டிய பிக்சல்களையும் ஒதுக்குங்கள், கரைச்செடியின் ஒளி சிதறி நீருக்குள் விழுந்து பொய்ப் பாசி காட்டும். தெளிந்த ஆழமில்லா நீரில் அடித்தளத்துச் செடியும் அதே வேலையைச் செய்யும். நீரின் தெளிவை அளக்க இறக்கும் செக்கி தட்டு தரையைத் தொட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் அந்த இடம் பயன்படாது.

மாதிரி எடுப்பவர்களுக்கு: செண்டினல்-2 உள்ளூர்ச் சூரிய நேரம் 10:30 வாக்கில் கடக்கும். அதற்கு மூன்று மணி நேரம் முன்பின்னுக்குள் நீர் எடுங்கள். காற்றில்லாத காலையில் நீலப்பச்சைப்பாசி மேலே மிதந்து வரும், காற்று எழுந்தால் கலைந்து கீழே போகும். சில மணி நேரத்தில் மேற்பரப்பு வேறு ஏரியாகிவிடும். சுற்றிலும் 60 மீட்டர் ஒரே மாதிரி இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள், 20 மீட்டர் பேண்டில் அது 3-க்கு 3 பிக்சல். இருட்டுப் பாட்டில், பனிக்கட்டிப் பெட்டி, அன்றே வடிகட்டல்.

நச்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப்பாசியைத் தனியாகப் பிரிக்க செண்டினல்-2-ஆல் முடியாது. அதன் நிறமி 620 நானோமீட்டர் அருகே உறிஞ்சும், அந்த பேண்ட் இதில் இல்லை. செண்டினல்-3-ல் உண்டு, ஆனால் அதன் பிக்சல் 300 மீட்டர்; 40 ஹெக்டேருக்குள் நான்கு பிக்சல்தான், அவற்றிலும் கரை கலக்கும். தண்ணீரைக் குடிக்கலாமா என்று எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது, அது ஆய்வகத்தின் வேலை.

அலைவரி

சரிபார்ப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. "95 விழுக்காடு துல்லியம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். படத்தில் நீர் 5 விழுக்காடுதான் என்றால், எல்லாம் நிலம் என்று சொன்னாலும் 95 கிடைத்துவிடும். உள் நீர், கரையோரப் பட்டை, செடிப் பகுதி, நிலம் என்று பிரித்து ஒவ்வொன்றிலும் எழுமாற்றாகப் புள்ளிகள் எடுங்கள். கரைப்பட்டையில்தான் பிழை குவியும், அங்கே அதிகம் எடுங்கள். நீர் என்று சொன்னதில் எத்தனை நீர், உண்மையான நீரில் எத்தனையைப் பிடித்தோம் என்று இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கொடுங்கள். சரிபார்க்கும் படம் அதே வாரத்துப் படமாக இருக்க வேண்டும்.

கரைமேடு

கடைசியாக ஒன்று. 2017-க்கு முந்தைய காலத்தையும் சேர்க்க லேண்ட்சாட் எடுத்தால், இரண்டையும் ஒரே கோட்டில் இணைக்கலாமா?

சதுரப்புள்ளி

நேராக ஒட்ட வேண்டாம். லேண்ட்சாட் 5 1984 முதல் 2013 வரை, 8 2013-லிருந்து, 9 2021-லிருந்து. இடையில் 7-ல் 2003 மே 31-ல் ஸ்கேன் கோட்டுத் திருத்தி (படத்தின் வரிகளை இடைவெளியின்றி அடுக்கும் பாகம்) பழுதானது, அதன்பின் ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வரிவரியாகக் காலி. அந்த வரிகள் ஏரியைக் கடந்தால் பிக்சல் எண்ணுவது தப்பாகும். அருகருகே உள்ள இரு தேதிகளை ஒன்றால் ஒன்று நிரப்பலாம், நீர்மட்டம் மாறாத மாதத்தில் மட்டும்.

கலெக்‌ஷன் 2 என்ற லேண்ட்சாட் வெளியீட்டுப் படங்களில் எதிரொளிப்பு பெற எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். இங்கேயும் கழிக்க மறந்தால் அதே கதைதான்.

2017-க்குப் பிறகு இரண்டு செயற்கைக்கோளும் ஓரிரு நாள் வித்தியாசத்தில் கடந்த தேதிகளைத் தேடுங்கள். செண்டினல் படத்தைச் சராசரி முறையில் 30 மீட்டராக்கி, இரண்டிலும் ஒரே குறியீட்டில் பரப்பு எடுத்து எதிரெதிரே வரையுங்கள். புள்ளிகள் ஒரு கோட்டில் அமைந்தால் அந்தக் கோட்டின் சமன்பாட்டால் பழையதைத் திருத்தலாம். சிதறினால் இரண்டு தனித்தனி வரைபடமாகவே வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் கரைப்பிழையைப் பட்டையாகக் காட்டி.